வெயிலில் மயங்கி விழுந்த தாயாருக்குத் தண்ணீர் மட்டும் போதுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன், ஊர், பெயர் வெளியிட வேண்டாம். எங்களுக்கு நிலம் இல்லை. அம்மாவுக்கு 52 வயது. நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறார். சென்ற ஆனியில் குறுவை நடவின்போது மதியம் ஒரு மணி வாக்கில் வயலிலேயே மயங்கி விழுந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.5 என்று வந்தது. ‘தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளே வேலைக்குப் போனவர், இப்போது தாளடி நடவுக்கும் போகிறார். அக்கா நான்கு மாதக் கர்ப்பிணி; அவரும் கூடப் போகிறார். 78 வயதுப் பாட்டி இரத்த அழுத்த மாத்திரையோடு ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் பகல் முழுவதும் படுத்திருக்கிறார். அடிபம்புத் தண்ணீர் வர வர உப்புக் கரிக்கிறது. மழை விட்டால் தெருவெல்லாம் காய்ச்சல். இதெல்லாம் பருவநிலை மாற்றத்தால் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களோ ‘நாங்கள் பார்க்காத வெயிலா’ என்கிறார்கள். எது உண்மை? எங்களைப் போன்ற குடும்பம் என்ன செய்ய முடியும்?

பதில் (டெல்டா மாவட்டங்களில் பொதுச் சுகாதாரப் பணியில் இருக்கும் மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மற்ற கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால், உங்கள் தாயாருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை மறுபடியும் செய்துவிடுங்கள். பெண்களுக்கு அந்த அளவு பொதுவாக 1.1-க்குள் இருக்கும். மயங்கி விழுந்த அன்று உடலில் நீர் வற்றியிருந்ததால் 1.5 வரை தற்காலிகமாக ஏறியிருக்கலாம். அல்லது சிறுநீரகம் சில காலமாகவே சிறிது சிறிதாகப் பாதிக்கப்பட்டு வந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அன்றைய ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து இரண்டில் எது என்று எவராலும் சொல்ல முடியாது. வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் வீட்டில் இருந்து, வழக்கம்போல் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த பிறகு, மூன்றாம் நாள் காலையில் இரத்தமும் சிறுநீரும் கொடுக்கட்டும். சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் போகிறதா என்பதையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஆனி போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால், இப்போதும் அளவு இறங்காமல் இருந்தால் அதை நாட்பட்ட பாதிப்பு என்றே கருதி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சிறுநீரக மருத்துவரிடம் காட்ட வேண்டும். இறங்கியிருந்தால் நல்லது, ஆனாலும் ஆண்டுதோறும் குறுவை நடவு முடிந்த கையோடு ஒரு முறை பார்த்துவர வேண்டும்.

இன்னொன்றையும் அவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடவுக்குப் போகும் பெண்கள் பலரும் முந்தானை முடிச்சில் இரண்டு வலி மாத்திரைகளை வைத்திருப்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். காலையில் வயலில் இறங்குவதற்கு முன் ஒன்று, மாலையில் கரையேறிய பிறகு ஒன்று. நாள் முழுவதும் குனிந்து நட்ட இடுப்பு அது இல்லாமல் நிமிராது என்று அவர்கள் சொல்வதில் பொய்யே இல்லை. ஆனால் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வியர்த்து நீர் வற்றிய உடலில் அந்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும்போது மாத்திரையும் சேர்ந்தால், சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. உங்கள் தாயார் இந்த மாத்திரைகளையும், மருந்துக் கடையில் போட்டுக்கொள்ளும் வலி ஊசியையும் இன்றே நிறுத்த வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, வேறு என்ன செய்யலாம் என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிகரகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகளிடையிலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், சர்க்கரை நோய் இல்லாத, இரத்த அழுத்தமும் இல்லாத உழைப்பாளிகளுக்கு நடுவயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து போவதை மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. வெப்பம், மீண்டும் மீண்டும் நீர் வற்றுதல், வேளாண் நச்சுகள், குடிநீர் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டும் முடிவு இன்னும் வரவில்லை. ஆயினும் நிகரகுவாவில் கரும்பு வெட்டுவோருக்குத் தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே உறுதி செய்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்தில் வேதாரண்யம் உப்பளத்தில் நிற்பவருக்கும் வயல் சேற்றில் நிற்பவருக்கும் அதே மூன்றும் தேவை.

இனி, பெரியவர்கள் சொல்வதைப் பற்றி. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. டெல்டாவுக்கு வெயில் புதிதல்ல. புதிதாக வந்திருப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கும் பெரிய வழி வியர்வை. அதுவும் வியர்ப்பதால் மட்டும் குளிர்ச்சி வராது, வியர்வை ஆவியாகிப் போனால்தான் வரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிந்து சொட்டுமே தவிர ஆவியாகாது. 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணர்வது சுமார் 45 டிகிரி, அதுவும் நிழலில். தண்ணீர் கட்டிய வயலில், தலைக்கு மேல் வெயிலும் முகத்துக்கு நேரே சேற்றிலிருந்து எழும் ஆவியுமாகக் குனிந்து நிற்பவரின் நிலை இதைவிடக் கடுமையானது. ஆனால் வானிலைத் துறை ‘வெப்ப அலை’ என்று அறிவிக்க, சமவெளியில் 40 டிகிரியாவது தொட வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் தாயார் விழுந்த நாள் அறிவிப்பில் சாதாரண நாளாகவே இருந்திருக்கலாம். நம் பகுதியில் வெயிலின் தீங்கு பெரும்பாலும் இப்படி அறிவிப்புக்குக் கீழே, கணக்குக்கு வராத நாட்களில்தான் நடக்கிறது.

ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவர் மயங்கி விழுந்ததற்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்று எந்த மருத்துவரும் சான்று எழுத முடியாது. ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் கூடிவருகின்றன என்பதில் ஐயம் இல்லை. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரையில் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. உலக அளவில், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டாக 2024 பதிவாயிற்று. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். புழுக்கம் கூடுவதும், பெய்யும்போது ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் இதனால்தான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து டெல்டா காய்ந்ததையும், 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதியையே புரட்டிப் போட்டதையும், 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்ததையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். வறட்சியும் வெள்ளமும் முன்பும் உண்டு. இவ்வளவு நெருக்கத்தில் அடுத்தடுத்து வந்தால், ஒன்றில் பட்ட கடனை அடைப்பதற்குள் மற்றொன்று வந்துவிடுகிறது.

‘நாங்கள் பார்க்காத வெயிலா’ என்பவர்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்லலாம். பண்ணையாள் முறை நடப்பில் இருந்த காலத்தில், 1952-இல் அதற்கென்று பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும்கூட, கூலிக்கு உழைத்தவர்களின் உடல் என்ன பட்டது, எத்தனை பேர் நாற்பதைக் காணாமல் போனார்கள் என்று எவரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. தாங்கியவர்கள் இருந்து சொல்கிறார்கள். தாங்காதவர்கள் சொல்வதற்கு இல்லை.

வேலையின் அமைப்பும் மாறியிருக்கிறது, இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் ஒரு கணக்கு. தள்ளிப்போனால், 2024-இல் ஜூலை 28-இல் திறந்ததுபோல, வேறு கணக்கு. தண்ணீர் வந்த சில வாரங்களுக்குள் எல்லோரும் நட்டாக வேண்டும். ஆள் கிடைப்பதில்லை, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசுகிறார்கள், பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து எடுத்த வேலையை அன்றே முடித்தால்தான் மறுநாள் அடுத்த வயல். நாள் கூலியில் ஒருவர் கரையேறி உட்கார்ந்தால் மேஸ்திரியின் முகம் சுளிக்கும். ஒப்பந்தத்திலோ அவருடைய முழத்தையும் பக்கத்தில் நிற்கும் பெண்ணே நட வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சத்தினாலேயே தலை சுற்றும்போதும் குனிந்தபடி இருக்கிறார்கள். வெயில் எல்லோர் மேலும் ஒரே மாதிரி அடிக்கிறது. வேலையை நிறுத்த முடிகிறவர் பிழைத்துக்கொள்கிறார், நிறுத்த முடியாதவர் நோயாளியாகிறார்.

அதனால்தான் ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் உங்கள் தாயாருக்குப் பயன்படவில்லை. குடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. குடித்தால் எங்கே போய் ஒதுங்குவது? கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாக வயல் விரிந்திருக்க, வரப்பில் ஆண்கள் போய்வந்துகொண்டிருக்க, காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய பெண் மாலை வரை அடக்கிக்கொண்டிருக்கிறார். அடக்கிக்கொள்வதற்காகவே குடிக்காமல் இருக்கிறார். சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், அநேகமாகக் கிடைக்கும் பதிலும் இதுவே. ஆகவே மருந்துச் சீட்டில் எழுத வேண்டியது தண்ணீரை மட்டுமல்ல. நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் சேர்ந்த மறைப்பையும்தான். நடவுக்கூலி பேசும்போதே வயல் ஓரத்தில் அந்த மறைப்பையும், ஒரு நிழல் பந்தலையும், ஒரு குடம் நல்ல தண்ணீரையும் சேர்த்துப் பேசுங்கள். நிலக்காரருக்கு இதில் ஆகும் செலவு மிகச் சிறிது.

உங்கள் தாயாரின் குழுவோடு உட்கார்ந்து, யாரும் யாருக்கும் கூச்சப்பட வேண்டாத மாதிரி சில முடிவுகளைப் பொதுவில் எடுத்துக்கொள்வது நல்லது. விடிவதற்கு முன்பே இறங்கிப் பதினொரு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கால் மணிக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் நிமிர்ந்தால்தான் கூச்சம், எல்லோரும் நிமிர்ந்தால் அது வேலையின் ஒரு பகுதி ஆகிவிடும். அதே சமயம் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் தவறு. மணிக்கணக்கில் வியர்க்கும் நாட்களில் உப்புப் போட்ட நீராகாரம், மோர், கஞ்சித் தண்ணீர் ஆகியவை வெறும் தண்ணீரைவிட நல்லவை. கடையில் விற்கும் கலர் வேண்டாம். வேலை இல்லாமல் சில வாரம் இருந்துவிட்டு நடவு தொடங்கும் முதல் வாரத்தில்தான் ஆபத்து அதிகம். உடல் வெயிலுக்குப் பழகிக்கொள்ள ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும். அந்த நாட்களில் வயதானவர்களும் அண்மையில் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களும் அரை நாளோடு கரையேற வேண்டும். சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கு வேலை போதும்.

எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது வெப்பத் தாக்கு. தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு என்று வந்தால் நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். ஆனால் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். வியர்வை நிற்கவில்லையே என்று ஏமாற வேண்டாம். உழைக்கும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டே இருப்பதும் உண்டு. ஒருவர் 108-ஐ அழைக்கும்போதே மற்றவர்கள் பம்புசெட் தண்ணீரையோ வாய்க்கால் தண்ணீரையோ உடல் முழுவதும் விடாமல் ஊற்றி விசிற வேண்டும். வண்டி வந்த பிறகு மருத்துவமனையில் குளிர்விக்கட்டும் என்று காத்திருந்தால் மூளையும் சிறுநீரகமும் அதற்குள் கெட்டுவிடும்; முதல் அரை மணி நேரம் பொன்னானது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உங்கள் அக்காவைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் சுமார் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்களில் பலர் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்தவர்கள். இது மேலைநாட்டு ஆய்வு அல்ல. நம் வெயிலில், நம் பெண்களிடம் கண்டது. பிரசவம் வரை அவர் நடவுக்குப் போகாமல் இருப்பதே சரி. முடியாத குடும்பநிலை என்றால், காலை ஒன்பது மணிக்கு மேல் வயலில் நிற்கக் கூடாது என்பதையாவது கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்னும் கர்ப்பப் பதிவு எண் வாங்கியாயிற்றா என்று பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் வரை தவணைகளில் கிடைப்பதற்கு அந்தப் பதிவே அடிப்படை. விட்ட கூலி முழுவதையும் அது ஈடுகட்டாது. ஆனால் சில வாரமாவது வீட்டில் இருக்க உதவும்.

பாட்டியின் ஆபத்து வேறு விதமானது. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். உடல் வற்றியிருந்தாலும் தாகம் எடுக்காது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில நீர் பிரிய வைப்பவை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம், அவற்றில் நீர் மாத்திரை இருக்கிறதா, கோடையில் அளவு மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுவரச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். கையில் சொம்பைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட, பள்ளிவிட்டு வரும் பிள்ளை யாராவது மணிக்கொரு முறை பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பது பலன் தரும்.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீற்றுக் கொட்டகையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸுக்கும் தொகுப்பு வீட்டுக்கும் மாறியதில் தீப்பிடிக்கும் பயமும் ஒழுகலும் போயின. ஆனால் பகல் வெப்பம் உள்ளே தங்கி, இரவிலும் இறங்குவதில்லை. இரவில் உடல் ஆறாவிட்டால் மறுநாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறைகிறது. உங்கள் தாயாருக்கும் இது பொருந்தும். கோடை தொடங்கும் முன்பே கூரையின் மேல் கெட்டியாகச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ இரண்டு முறை அடித்தால் உள்ளே சூடு கண்கூடாகக் குறையும். அடிக்கும்போது பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அதன் இழைத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நனைத்துவிட்டுப் பூசுங்கள்; தகட்டின் மேல் ஏறி நிற்க வேண்டாம், உடைந்து விழுவார்கள். பகலில் பாட்டியைக் காற்றோட்டம் உள்ள திண்ணைக்கோ மரத்தடிக்கோ மாற்றி, ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்து விசிறி போடுங்கள்.

தண்ணீர் உப்புக் கரிப்பதை வெறும் ருசிக் குறை என்று விட்டுவிடாதீர்கள். ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைந்து, நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்து, கடல்மட்டமும் உயர்ந்துவரும்போது, கடலோர டெல்டாவில் உவர் நீர் உள்ளே ஏறுகிறது. நம்மைப் போலவே டெல்டாவான வங்கதேசக் கடலோரத்தில், உவர்ப்பான குடிநீர் குடித்த கர்ப்பிணிகளுக்கு இரத்தக் கொதிப்பும் அதைச் சார்ந்த பேறுகாலச் சிக்கல்களும் மிகுந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. உங்கள் வீட்டிலோ கர்ப்பிணி ஒருவர், இரத்தக் கொதிப்புள்ள முதியவர் ஒருவர், சிறுநீரகத்தில் சந்தேகம் உள்ள ஒருவர் என மூவர் இருக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். அடிபம்புத் தண்ணீர் புழங்குவதற்கு இருக்கட்டும். காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர உப்புப் போகாது, இன்னும் கெட்டியாகத்தான் செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்து, முடிவை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மழைக்குப் பின் வரும் காய்ச்சல்களில் மூன்றைத் தனித்து அறிய வேண்டும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஆகவே குடிநீர் நாள் விட்டு நாள் வரும் தெருக்களில், மழை இல்லாத காலத்திலும் டெங்கு வரும். வெப்பம் கூடினால் கொசுவின் உடலில் கிருமி முதிரும் காலமும் குறைகிறது. வாரம் ஒரு நாள் குடம், தொட்டி எல்லாவற்றையும் காலி செய்து உட்புறம் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி தடுக்கலாம். எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக ஏறுவது. கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் அதன் அடையாளங்கள். மூன்றாவது, புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைஃபஸ். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்று உடல் முழுவதும் தேடிப் பாருங்கள். பின்னிரண்டும் உரிய மருந்து தொடக்கத்திலேயே கிடைத்தால் எளிதில் குணமாகும், தாமதித்தால் சிறுநீரகம் வரை போகும். மருத்துவரிடம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாமல், ‘நடவு வேலைக்குப் போகிறேன், சேற்றில் நிற்கிறேன்’ என்று தொழிலையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல சமயம் நோயைக் கண்டுபிடித்துத் தருகிறது. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் கர்ப்பத்தைத் தவறாமல் சொல்ல வேண்டும், மருந்து மாறும். எந்தக் காய்ச்சலுக்கும் வலி மாத்திரை கூடாது, பாராசிட்டமால் மட்டும்.

இதுவரை சொன்னதில் பலவும் வீட்டுக்குள்ளும் வயல் வரப்பிலும் முடிகிற காரியங்கள். மீதியைக் குடும்பத்தின் தலையில் சுமத்துவது நியாயம் இல்லை. பயிர் மூழ்கினால் சிட்டா, அடங்கல் வைத்திருப்பவருக்கு நிவாரணமும் காப்பீடும் கிடைக்க வழி உண்டு. அதே வயலில் நட்ட, அறுக்க வேண்டிய பெண்ணுக்கு இழந்த வேலை நாட்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. பருவநிலை மாற்றத்தின் சுமை யார் மேல் அதிகம் விழுகிறது என்று கேட்டால், நிலம் இல்லாத, பெரும்பாலும் தலித் குடியிருப்புகளில் வாழும் இந்தப் பெண்கள் மேல் என்பதே என் அனுபவத்தில் நான் கண்டது. நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகியவை எழுதி வைக்கப்பட்டன. தனியார் வயலில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வகுத்தது நல்ல தொடக்கம். ஆனால் வயலில் விழுந்து இறந்தவரின் சான்றில் வெறும் ‘மாரடைப்பு’ என்று எழுதப்பட்டால் வெயில் அங்கே மறைந்துபோகும். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் விழுந்தார் என்பதை மருத்துவமனைப் பதிவில் எழுத வைப்பது, உயிர் பிழைத்தவர்கள் விஷயத்திலும், உடன் செல்பவரின் கடமை.

மே 1-இல் கிராம சபை கூடும். குறுவைக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். நடவுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய், வயல்களுக்கு நடுவே இரண்டு மூன்று இடங்களில் குடிநீர்க் குழாயும் கழிப்பிடமும் அமைக்கவும், வாய்க்கால் கரையில் புங்கனும் வேம்பும் நட்டுப் பராமரிக்கவும், நடவுக் காலத்தில் சுகாதார நிலையத்தின் நடமாடும் குழு வயலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். குடிநீர் ஆய்வக முடிவையும் அங்கே படித்துக் காட்டுங்கள். பேச்சோடு விட்டுவிடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்து, நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த சபையில் ஊராட்சிச் செயலரிடம் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்பதற்கு அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.